விரல் படாத குண்டுகள்

இருட்டிய பிறகு அந்தச் சத்தம் முதன்முதலாகக் கேட்டது கொரெற்றியின் கதவில்தான். அவசரக்காரன் தட்டுவது போலவும் இல்லை, குடிகாரன் தட்டுவது போலவும் இல்லை, தகரத்தில் மழை விழுவது போலவும் இல்லை. ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவில் மயிரிழை கூடாமல் குறையாமல், தட்தட்தட்தட்தட்டென்று ஒரு கொத்தாகத் தட்டிவிட்டு நின்றது. கோயிலில் ஜெபமாலை முடிந்து மைக்கை அணைத்து, வீடுகளில் மீன்குழம்பை மறுபடி சூடாக்குகிற நேரம். கொரெற்றி போய்க் கதவைத் திறந்தாள். யாரும் இல்லை. வாசலில் கிடந்த வலைக்குவியலின் மேல் படுத்திருந்த நாய் தலையைத் தூக்கிக் கதவைப் பார்த்தது, அவளைப் பார்த்தது, மறுபடி படுத்துக்கொண்டது.

சுவருக்கு அந்தப் பக்கம், அடுத்த வீட்டில், ஜெனிஷா பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் கேட்டது. கொரெற்றி மைனி வீட்டுக்கு யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்தபடி, வலது கையில் இருந்த போனில் அடுத்த ஆட்டத்துக்குள் நுழைந்தாள்.

அந்தக் கடற்கரைத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. கடலுக்குப் போன ஆண் திரும்பாத வீட்டில் கதவைத் தாழிட மாட்டார்கள். சாத்துவார்கள், காற்றடித்தால் உள்ளே ஒரு கல்லை அண்டக் கொடுப்பார்கள், அவ்வளவுதான். தேடப்போன படகுகள் வெறுங்கையோடு திரும்பியிருக்கலாம், அதிகாரிகள் வந்து கேட்டுவிட்டுப் போயிருக்கலாம், மாமியார்க்காரியே அழுது ஓய்ந்திருக்கலாம். என்றாலும் அந்த வீட்டுக்காரி என்றைக்குத் தன் கையால் உள்ளே இருந்து தாழ்ப்பாளைப் போடுகிறாளோ அன்றைக்குத்தான் அவன் செத்தவன். போடு என்று சொல்லப் பங்குச்சாமிக்கும் உரிமை கிடையாது, பெற்ற தாய்க்கும் கிடையாது. போட்ட மறுநாள் விடியலில் துக்கமணி அடிக்கும். வெறும் பெட்டியில் அவன் சட்டையை மடித்து வைத்து அடக்கம் செய்வார்கள். அதற்குப் பிறகு அவள் மற்றப் பெண்களைப்போல மீன் கம்பெனி வேலைக்குப் போவாள், ராத்திரியில் காதைக் கதவில் வைக்காமல் தூங்குவாள்.

கொரெற்றியின் புருசன் சூசைமிக்கேல் போன ஐப்பசிக் காற்றில் போனவன். ஏழு மாதமாக அவள் கதவு வெறுமனே சாத்திக்கிடந்தது, ஏழு மாதமாக அவள் உட்கார்ந்தபடியே உறங்கினாள். அந்தத் தட்டல் கேட்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான், அவள் துருப்பிடித்த தாழ்ப்பாளுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டு, முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்ததைத் தெருப் பெண்கள் கண்டிருந்தார்கள். கண்டும் காணாததுபோல் நடந்தார்கள். இன்னும் கொஞ்ச நாள் என்று ஒருவருக்கொருவர் கண்ணால் சொல்லிக்கொண்டார்கள்.

அது மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் துறைமுகத்தில் கட்டிக்கிடந்தன. கடலுக்குப் போகிற கைகளெல்லாம் வீட்டில் இருந்தன. அந்தக் கைகளிலெல்லாம் போன் இருந்தது. அந்தப் போன்களிலெல்லாம் அந்தத் துப்பாக்கி விளையாட்டு இருந்தது. ஆளுக்கொரு துப்பாக்கியோடு ஒரு தீவில் இறங்கி, ஒருவரையொருவர் சுட்டு, கடைசியில் நிற்பவர் ஜெயிக்கிற விளையாட்டு. இளைஞர் இயக்கத்துப் பொடியன்கள் திருவிழாவுக்கென்று ஒரு போட்டி அறிவித்தார்கள். சூசைமிக்கேல் அதில் பெரிய சூரன். உப்புத்தண்ணீர் பட்டுவிடும் என்று நல்ல போனை வீட்டில் வைத்துவிட்டுத்தான் கடலுக்குப் போவான்; அப்படி வைத்துவிட்டுப் போன போனில், அவன் பெயரிலேயே, அவன் சேர்த்து வைத்த மதிப்பெண் இறங்கிவிடக் கூடாதென்று கொரெற்றி ஆடிக்கொண்டிருந்தாள். கதவு தாழிடாத வீட்டு ஆணின் பெயரை ஆட்டப் பட்டியலிலிருந்து எடுக்க யாருக்கும் மனசு வரவில்லை. ஆகையால் அந்தத் தீவில் 'சூசை' என்ற பெயர் இன்னமும் நடமாடிக்கொண்டிருந்தது, கொஞ்சம் தடுமாற்றத்தோடு, சமையலுக்கு நடுநடுவே.

ஜெனிஷா ஆட ஆரம்பித்தது பயத்தினால். புருசன் வினோ மஸ்கட்டில். கைப்பிள்ளையோடு தனியாக இருக்கிற வீட்டில் இருட்டினதும் ஒவ்வொரு சத்தத்துக்கும் எழுந்து போய்த் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்ப்பாள். போனில் ஆட்களின் குரல் கேட்டுக்கொண்டிருந்தால் கொஞ்சம் தைரியம். ஆனால் இடது கையில் பிள்ளை. மற்றவர்கள் இரண்டு கைக் கட்டைவிரலாலும் ஆட, அவளுக்கு ஒரே கை. ஓடினால் சுட முடியாது, சுட்டால் ஓட முடியாது. "ஒத்தக் கைக்காரி வந்துட்டா, எல்லாரும் பதுங்குங்கடே," என்று இளைஞர் இயக்கத்து டெல்வின் போன் மைக்கில் சொல்லுவான், எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள், காது சுடச்சுட.

அப்புறம்தான் அவள் மேக்ரோ என்கிற குறுக்குவழியைப் போனில் ஏற்றி, போட்டிக்கென்று வைத்திருந்தாள். அந்த விளையாட்டில் நல்ல துப்பாக்கிக்கெல்லாம் ஒரு தொடுகைக்கு ஒரு குண்டுதான். வேகம் வேண்டுமென்றால் விரல் வேகமாக வேண்டும். மேக்ரோ போட்டால் விரல் ஒரு முறை தொட்டால் போதும், மீதித் தொடுகைகளை அது தானாகத் தொட்டுவிடும், நொடிக்குள் ஒரு கொத்துக் குண்டு. அது திருட்டு ஆட்டம் என்று எல்லோருக்கும் தெரியும். போட்டிக்கு முன்னால், அதை நடத்திய டெல்வின் ஆட வந்தவர்களையெல்லாம் கோயில் கொடிமரத்தடியில் நிறுத்திக் கொடிக்கயிற்றைத் தொட்டு உறுதிமொழி வாங்கினான். ரீகன் என்ற பையன் கையில் மாவுக்கட்டோடு நின்று, "எனக்கு ஒரு கைதான் வேல செய்யுது, நான் அந்த ஆட்டோ ஃபயர் போட்டுக்கிடட்டா?" என்று கேட்டான்.

டெல்வின் மற்றவர்களைப் பார்த்தான். "என்னடே, குடுக்கலாமா?"

"குடுங்கடே. கை ஒடிஞ்சவன்தான, கேட்டுல்லா வாங்குதான்."

அடுத்து கயிற்றைத் தொட வேண்டியவள் ஜெனிஷா. பிள்ளை தோளில் உறங்கிக்கொண்டிருந்தது. எனக்கும் ஒரு கைதான் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் கொடுத்திருப்பார்கள், அவளுக்கே தெரியும். ஆனால் ஏற்கெனவே ஏற்றி வைத்திருக்கிறேன் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்குமே என்று நினைத்தாள், வாயை மூடிக்கொண்டாள், கயிற்றைத் தொட்டாள். கயிறு வெயிலில் காய்ந்து சொரசொரவென்று இருந்தது.

அன்றைக்கு இருட்டினதும் போட்டியின் முதல் ஆட்டத்தில், புதருக்குள் நின்றிருந்த சூசை என்ற பெயரை அவள் ஒரே தொடுகையில் வீழ்த்தினாள். அன்றைக்குத்தான் கொரெற்றியின் கதவு முதலில் தட்டப்பட்டது.

அதற்குப் பிறகு தட்டல் தெரு முழுக்கப் பரவியது. ஒரு நாள் டெல்வின் வீட்டுக் கதவில், ஒரு நாள் ஐஸ் கம்பெனிக்காரர் வீட்டில், ஒரு நாள் ரீகன் வீட்டுக் குளியலறைக் கதவில், உள்ளே அவன் அப்பா சோப்புப் போட்டபடி நிற்கையில். திறந்தால் ஆள் இல்லை. முதல் வாரம் பயந்தார்கள். தச்சு ஆசாரி வந்து மரத்தில் வண்டு இல்லை என்று சொன்னார். பங்குச்சாமி வந்து வீடு வீடாகத் தீர்த்தம் தெளித்தார். தெளித்த ஈரம் காயுமுன்னே அவர் கண்ணெதிரிலேயே கதவு தட்டப்பட, யாருக்கோ வழிவிடுகிறவர்போல ஒதுங்கி நின்று, "உள்ள வரட்டும், வரட்டும்," என்றார். இரண்டாவது வாரம் பழகிப்போனது. மூன்றாவது வாரம் அது இல்லாமல் எப்படி இருந்தோம் என்று ஆகிப்போனது. அந்த நேரத்துக்குத்தான் உலையில் அரிசி போட்டார்கள். அந்தச் சத்தத்தில்தான் சிணுங்குகிற பிள்ளைகள் உறங்கின. கோயில் பாடகர் குழுவுக்குக் கீபோர்டு வாசிக்கிற தொம்மை சார், தட்டல் வருகிற வீட்டு வாசலில் குழுவையே கொண்டுவந்து நிறுத்திப் பாட்டுப் பழக்கினார். "எம் பிள்ளையளே, இந்தக் கதவப் பாத்துப் படிங்க. கூடல, குறையல. நீங்களும் இருக்கியளே, கடைசிச் சரணத்துக்குக் கப்பலப் புடிக்கப் போற மாதிரி ஓடுதிய," என்றார்.

இதில் ஒரே சங்கடம், மெய்யாக விருந்தாளி வந்து தட்டினால் யாரும் திறப்பதில்லை. ஆகவே மனுசர்கள் கோணலாகத் தட்டக் கற்றுக்கொண்டார்கள். ஒன்று தட்டி, கொஞ்சம் நிறுத்தி, இரண்டு தட்டி, ஒரு இருமல் இருமி, வேண்டுமென்றே தப்பாக. தப்பாகத் தட்டினால் மனுசன். தப்பே இல்லாமல் தட்டினால் அது.

அது எது என்பதையும் தெரு தானாகவே முடிவு செய்துகொண்டது, யாரும் கூட்டம் போடவில்லை. கடலில் போனவர்கள்தான். திரும்பி வருகிறவர்களுக்கு வீடு மறந்துபோயிருக்கும், கதவு கதவாகத் தட்டித் தேடுகிறார்கள் என்றார்கள். ரொம்பத் தரம் தட்டப்பட்டது கொரெற்றியின் கதவு என்பதால் வருகிறவன் யாரென்பதிலும் சந்தேகம் வரவில்லை.

கொரெற்றி தாழ்ப்பாளைப் பற்றிய யோசனையை விட்டாள். தலை சீவிப் பூ வைத்தாள். இருட்டினதும் ஒரு தட்டில் சோறும் நெத்திலி அவியலும் போட்டு வாசலுக்குள்ளே வைத்தாள். நாய்க்கு உடம்பு தேறியது. "ஏட்டி ஜெனிஷா," என்று சுவர் ஓரமாக வந்து ரகசியமாகச் சொன்னாள், "ஒரு அதிசயத்தக் கேளேன். வெளாட்டுல எங்க வீட்டு அவியள எவனாவது சுட்டுட்டான்னா, சுட்ட கையோட வந்து தட்டுதாவ. அங்க செத்தாத்தான் இங்க வர வழி போல இருக்கு."

ஜெனிஷாவின் மார்பில் பிள்ளை பால் குடித்துக்கொண்டிருந்தது. சட்டென்று பால் நின்றுபோனதுபோலப் பிள்ளை வாயை எடுத்துவிட்டு அவளை அண்ணாந்து பார்த்தது.

அன்று சாயங்காலம் அவள் சோதித்துப் பார்த்தாள். கொரெற்றி ஆட வந்திருந்தாள். சூசை ஒரு பாலத்தின் மேல் நின்றிருந்தான். மேக்ரோவை அணைத்துவிட்டு, தன் விரலாலேயே, ஒரு தொடுகைக்கு ஒரு குண்டாக, நேரமெடுத்துச் சுட்டாள். சூசை விழுந்தான். பக்கத்து வீட்டுக் கதவு பேசாமல் இருந்தது. அடுத்த ஆட்டத்தில் மேக்ரோவைப் போட்டு ஒரே தரம் தொட்டாள். சூசை விழுமுன் சுவருக்கு அந்தப் பக்கம் தட்தட்தட்தட்தட். விரல் தொட்ட முதல் குண்டு விரலுக்கு உரியது, அது அங்கேயே தங்கிவிட்டது. விரல் தொடாத மீதிக் குண்டுகளுக்குப் போக்கிடம் இல்லை, அவை யாரைச் சுட்டனவோ அவர் வீட்டைத் தேடிப் போய்க் கதவைத் தட்டின. மற்றவர்களுக்கு எப்படியோ, ஜெனிஷாவுக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இருக்கவில்லை. வெட்கம்தான் வந்தது, மூத்திரம் போய்விட்ட பிள்ளைக்கு வருவதுபோல, காலிலிருந்து மேலே.

கான்வென்டில் படிக்கையில், சாயங்கால மணி அடிக்குமுன் சிஸ்டர் எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லுவார்கள்: இன்றைக்கு யாரும் பார்க்காதபோது நீ என்ன செய்தாய் என்று உன்னையே கேள். கல்யாணமாகி, பிள்ளை பெற்ற பிறகும் படுக்குமுன் அவளுக்கு அந்தப் பழக்கம் விடவில்லை. கொடிக்கயிற்றைத் தொட்ட நாளிலிருந்து மட்டும் விட்டிருந்தது. சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் வரிசையில் நின்று, முறை வந்ததும், "பொய் சொன்னேன் சாமி," என்று அது மட்டும் சொன்னாள். மூன்று அருள்நிறைந்த மரியே சொல்லச் சொன்னார். திருவிழாவில் அவள்தான் ஜெயித்தாள். "ஒத்தக் கையால ஜெயிச்ச நம்ம தெருப் பிள்ள!" என்று மைக்கில் சொல்லிக் கேடயத்தைக் கொடுத்தபோது, கூட்டத்திலேயே எல்லோருக்கும் கேட்கக் கை தட்டியவள் கொரெற்றி. அவள் கதவுக்குத்தான் ஜெனிஷா தினமும் அந்தப் பொய்த் தட்டலைக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அவள் மேக்ரோவை அழித்தாள். தெரு அமைதியானது; கேட்டு வாங்கிய ரீகனின் குண்டுகள் எந்தக் கதவுக்கும் போகவில்லை. அரிசி குழைந்துபோயிற்று, பிள்ளைகள் உறங்கவில்லை, தொம்மை சாரின் குழு மறுபடி கப்பலைப் பிடிக்க ஓடியது. அதெல்லாம்கூடப் பரவாயில்லை. கொரெற்றி படுத்துவிட்டாள். வைத்த சோறு வைத்தபடி இருந்தது. நாய்கூட முகர்ந்துவிட்டு விலகியது. பெண்கள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். "அவிய கோவிச்சிட்டாவ," என்றாள் கொரெற்றி. "அன்னைக்கி நான் திறக்கக் கொஞ்சம் சுணங்கிட்டேன். அடுப்புல எண்ண காஞ்சிட்டு கெடந்து. அதான் போய்ட்டாவ." மூன்று நாள் தண்ணீர் மட்டும்தான் குடித்தாள்.

நாலாம் நாள் சாயங்காலம் ஜெனிஷா மேக்ரோவை மறுபடி ஏற்றினாள். இரக்கத்தினால்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தெருவில் யாரோ, "எக்கா, எந்திச்சு ஒரு ஆட்டம் ஆடுங்க, அவிய ஒருவேள அங்க நிக்காவளோ என்னவோ," என்று சொல்லிப் போனைக் கையில் கொடுக்க, கொரெற்றி படுத்தபடியே ஆடினாள். தீவில் சூசை ஒரு சுவரோரம் அசையாமல் நின்றான், ஓடவில்லை, பதுங்கவில்லை, சுட வந்தவளைப் பார்த்தபடியே நின்றான். ஜெனிஷா தொட்டாள். கதவு தட்டப்பட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் கொரெற்றி எழுந்து ஓடுகிற சத்தமும், கதவு திறக்கிற சத்தமும், பிறகு அவள் சிரிப்பும் கேட்டன. அந்தச் சிரிப்பைக் கேட்கத்தான் ஜெனிஷா அடுத்த நாளும் சுட்டாள், அதற்கடுத்த நாளும் சுட்டாள். புருசனை அவள் வாசலுக்குக் கொண்டுவர, தினம் ஒரு தரம் அவனைக் கொன்றாள். தடைக்காலம் முடிந்து படகுகள் போயின. மீன் கம்பெனியிலிருந்து ஆள் வந்து கொரெற்றியை வேலைக்குக் கூப்பிட்டார்கள்.

"இருட்டுமுன்ன வீட்டுல இருக்கணும் பாத்துக்கிடுங்க," என்றாள் அவள். "அவிய வருவாவ." அவர்கள் வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள். அவள் கன்னம் ஒட்டியது. உட்கார்ந்து உறங்குகிற உறக்கமும் போனது.

ஒரு நாள் ஜெனிஷாவின் பிள்ளை, அப்போதுதான் உட்காரக் கற்றிருந்தது, தரையில் உட்கார்ந்து கிண்ணத்தைக் கையால் தட்டியது. தட்தட்தட்தட்தட். கூடாமல், குறையாமல். தட்டிவிட்டு அம்மாவைப் பார்த்துச் சிரித்தது.

ஜெனிஷா கிண்ணத்தைப் பிடுங்கினாள். பிள்ளை அழுதது. அழுத பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, போனை எடுத்துக்கொண்டு, செருப்புப் போடாமல் அடுத்த வீட்டு வாசலுக்குப் போனாள். இருட்டத் தொடங்கியிருந்தது. உள்ளே தட்டில் சோறு எடுத்து வைக்கிற சத்தம். ஜெனிஷா தன் விரல் முட்டியால் தட்டினாள், ஒன்று, பிள்ளை திமிறியதில் அடுத்தது நழுவியது, பிறகு இரண்டு.

"ஆளுதான?" என்றாள் கொரெற்றி, கதவைத் திறந்தபடி. "வாட்டி. உள்ள வா, இப்ப வர்ற நேரம்."

"உள்ள வரல மைனி."

"ஏன், பிள்ளைக்குக் காய்ச்சலா?"

"அது அண்ணன் இல்ல மைனி." சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. "நான்தான் தட்டுதேன். நான் மேக்ரோ போட்டுருக்கேன். கொடிமரத்துல தொட்டுச் சொன்னதெல்லாம் பொய்யி. எம் விரல் படாத குண்டெல்லாம் இங்கதான் வருது. மொதல்ல தெரியாமத்தான். பொறவு தெரிஞ்சுதான் செஞ்சேன்."

கொரெற்றியின் கையில் குழம்புக் கரண்டி இருந்தது. அடிப்பாள் என்று ஜெனிஷா எதிர்பார்த்தாள். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

"செஞ்சி காட்டு," என்றாள் கொரெற்றி.

அவளே போய்ச் சூசையின் போனை எடுத்து வந்தாள். வாசலுக்கு உள்ளே அவளும் வெளியே ஜெனிஷாவும் நின்று ஒரே தீவில் இறங்கினார்கள். சூசை ஒரு திறந்தவெளியில் வந்து நின்றான். ஜெனிஷா ஒரு தரம் தொட்டாள். இருவருக்கும் நடுவில், திறந்திருந்த கதவின் பலகை, யார் கையும் படாமல், தட்தட்தட்தட்தட்டென்றது.

கொரெற்றி பலகையின் மேல் உள்ளங்கையை வைத்தாள். "இன்னொருக்கா."

ஜெனிஷா மறுபடி சுட்டாள். கொரெற்றியின் உள்ளங்கைக்கு அடியில் மரம் அதிர்ந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு, வைத்தியர் நாடி பார்ப்பதுபோல, அது நிற்கும்வரை பிடித்திருந்தாள்.

"அவிய தட்டுனா இப்பிடித் தட்ட மாட்டாவ," என்றாள் கடைசியில். "வலது கைல ரெண்டு விரல் கயித்துல அறுபட்டுப் போச்சுல்லா. நொண்டி நொண்டித்தான் தட்டுவாவ. எனக்குத் தெரியாதா? மொத நாளே தெரியும்ட்டி." பலகையிலிருந்து கையை எடுத்தாள். "தெரிஞ்சாலும்... யாராவது தட்டட்டும்னு இருந்தேன்."

"மைனி..."

"பேசாத. நீ செஞ்சது எனக்குப் பொறுக்கல. இப்பமும் பொறுக்கல, நாளைக்கும் பொறுக்காது." பிறகு வாசலுக்குள்ளே வைத்திருந்த சோற்றுத் தட்டை எடுத்து நாயின் முன்னால் வைத்தாள். சூசையின் போனை அணைத்தாள். திரை கறுத்துப்போகும்வரை விரலை எடுக்கவில்லை. "பிள்ளைய எடுத்துட்டுப் போ. பனி எறங்குது. தலையில துணியப் போடு அதுக்கு."

ஜெனிஷா பிள்ளையின் தலையைச் சேலை முந்தானையால் மூடினாள். போகக் கால் வரவில்லை. கொரெற்றி கதவைச் சாத்தினாள். அண்டக் கொடுக்கிற கல்லை உருட்டுகிற சத்தத்துக்காகத் தெரு காத்திருந்தது. எதிர்வீட்டில் அரிசி களைந்த கை தண்ணீருக்குள்ளேயே நின்றது, பாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் நடுவரியில் நிறுத்தினார்கள். கல் உருளவில்லை. எண்ணெய் விட்ட தாழ்ப்பாள் ஒரே இழுப்பில், சத்தமே இல்லாமல் போய்க் கொண்டியில் விழுந்தது. அந்தச் சத்தமின்மை தெரு முழுக்கக் கேட்டது.